எந்த மேக்கு?

லிந்துலை பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரஸீன் நானா என்னைக் ‘கப்டன்’ என்றுதான் கூப்பிடுவார். நான் கப்டனாக இருந்தவன் அல்ல, செகண்ட் மேட்டாக, அதாவது கப்பலில் மூன்றாம் இடத்து அதிகாரியாக ஓய்வு பெற்றவன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “அதெல்லாம் எனக்கு வேணாம், லிந்துலைக்கு நீங்கதான் கப்டன்” என்று வாயை அடைத்துவிடுவார். போன மாதம் சீனி வாங்கப் போனபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அரபு வளைகுடாவின் வரைபடம் அது. கப்பல்களைக் காட்டும் சின்ன அம்புக்குறிகள் எல்லாம் கடலை விட்டுவிட்டு, ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் கூட்டமாக நின்றன.

“என்ன கப்டன் இது? கப்பல் எல்லாம் ஏர்போட்டுக்குள்ள போய் நிக்கிது! ப்ளேன் புடிக்கப் போறாங்களா?”

கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்புக்குறி ஒவ்வொன்றுக்குள்ளும் இருபது இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே வாரம், என்னோடு வேலை செய்த இரண்டு அதிகாரிகள் கப்பலிலிருந்து பேசினார்கள். இப்போது இந்தத் தொல்லை எல்லாக் கடலிலும் வந்துவிட்டதாம். நாங்கள் அன்றைக்குத் தப்பிய கதையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேள்விப்பட்டிருக்கும் கதையில் நான் பெரிய வீரன். நடந்தது கொஞ்சம் வேறு.

முதலில் தொல்லை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கப்பல் தான் எங்கே நிற்கிறது என்பதை ஜி.பி.எஸ். மூலம், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தச் சமிக்ஞை மிகவும் மெலிதானது. தரையில் யாராவது அதைவிட உரக்கச் சத்தம் போட்டால் ஜி.பி.எஸ்.ஸுக்குக் காது கேட்காது. உடனே மணி அடித்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடும். அது நல்லது, நாமும் விழித்துக்கொள்வோம். இன்னொரு விதம் உண்டு. செயற்கைக்கோள் பேசுவதுபோலவே யாரோ பேசி, பொய்யான இடத்தைச் சொல்லுவார்கள். அப்போது மணி அடிக்காது, விளக்கு எரியாது. திரையில் கப்பல் அழகாகக் கோட்டின்மேல் போய்க்கொண்டிருக்கும், நிஜக் கப்பல் பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.

நான் பிறந்தது லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைக் கடிதம் வந்துசேரும் வரையில் எனக்குக் கடவுச்சீட்டு கனவுதான். கடிதம் வந்த வருடமே கொழும்புக்கு இறங்கினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கப்பலில் தளம் கழுவினேன், வர்ணம் பூசினேன், சுக்கான் பிடித்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பரீட்சை எழுதி அதிகாரியானேன். இருபத்தைந்து வருடக் கதை இவ்வளவுதான். என்னோடு பரீட்சை எழுதிய பிள்ளைகள் என்னைப் பரீட்சை நடத்த வந்தவர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். பிரிவைத் தோட்டத்தில் கணக்கு என்பார்கள். மேட்டில் இருந்தது மேக்கணக்கு, பள்ளத்தில் இருந்தது கீக்கணக்கு. மேக்கணக்கு இருந்ததோ கிழக்குத் திசையில்! தோட்டத்தில் யாரும் திசைகாட்டி வைத்துக்கொண்டு நடப்பதில்லை. “மேக்கால போ” என்றால் மேட்டுப் பக்கம் போ என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டாம் வகுப்பில் வாத்தியார் சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டார். நான் எழுந்து, மேற்கே என்றேன். அடி விழுந்தது. “மேக்கணக்குக்குப் பின்னாலதான் சார் வருது” என்று அழுதுகொண்டே சொன்னேன். அதற்கும் ஓர் அடி. அன்றைக்கு மூளையில் ஏறிய கோளாறு இன்றுவரை முழுதாக இறங்கவில்லை. ஆங்கிலத்தில் ஈஸ்ட், வெஸ்ட் என்றால் எனக்குத் தப்பு வராது. தமிழில், அதுவும் பதற்றத்தில், வாய் தோட்டத்துக்கே போய்விடும். கப்பலில் எல்லாம் ஆங்கிலம் என்பதால் அது யாருக்கும் தெரியாமல் பிழைத்துக்கொண்டேன்.

கடைசி ஒப்பந்தத்தில்தான் வினை வந்தது. டீசல் ஏற்றும் எண்ணெய்க் கப்பல். இருபத்து மூன்று பேர். கப்டன் சேவியர் தூத்துக்குடிக்காரர், தமிழர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வயதுக்கு மரியாதையாக என்னை “அண்ணாச்சி” என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, அண்ணாச்சி மட்டும் காணாமல் போய்விடும். “செகண்ட் மேட்” என்று கூப்பிட்டாரானால் அன்றைக்கு நமக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

அவர் பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டும் அறைக்கு, வருவதே ஒரு பூசை மாதிரி இருக்கும். கதவைத் திறந்ததும் பேசமாட்டார். திசைகாட்டி, சுக்கான் முள், ரேடார், ஆழமானி, பிறகு ஜன்னல் வழியாகக் கடல் என்று வரிசையாகப் பார்ப்பார். கடைசியாகக் காவலில் நிற்கும் அதிகாரியின் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் “சொல்லுங்க அண்ணாச்சி”. காப்பிக் குவளையை மேசையில் அப்படியே வைக்கமாட்டார், கைக்குட்டையை நாலாக மடித்து அதன்மேல் வைப்பார். அவர் கைப்பட எழுதிய கட்டளைப் புத்தகம் ஒன்று உண்டு, எல்லா அதிகாரிகளும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு வரி எனக்குப் பிடிக்கும்: ‘என்னைக் கூப்பிட்டதற்காக யாரையும் ஏசமாட்டேன், கூப்பிடாததற்காக ஏசுவேன்.’ பிடிக்காத வரியும் ஒன்று உண்டு. ஓட்டோ பைலட்டை என் அனுமதியில்லாமல் நிறுத்தக்கூடாது என்பது அது.

எனக்கும் அவருக்கும் ஓயாத ஒரு சண்டை இருந்தது. நான் காவலில் நிற்கும்போது கால்மணிக்கு ஒருமுறை ஜி.பி.எஸ்.ஸை மறந்துவிட்டு, ரேடாரிலும் ஆழமானியிலும் கண்ணாலும் கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டு கொப்பியில் எழுதுவேன். அதற்கு நான் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பேருக்குக் குரல் வந்தால் போதாது, தலை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சிநேகிதிக்காக இன்னொருத்தி குரல் கொடுத்த கதைகள் எங்கள் தோட்டத்தில் நூறு உண்டு.

“அண்ணாச்சி, மிஷின் செக்கண்டுக்கு ஒருக்க எடத்தச் சொல்லுது. நீங்க காமணிக்கு ஒருக்க போடுதீங்க. யாருக்காக இந்தப் பாடு?” என்பார்.

“நம்ம மனசுக்குத்தாங்க சார்” என்பேன்.

“மனசுக்குன்னா கோயிலுக்குப் போங்க.”

இப்படிச் சிரித்துப் பேசிவிட்டு, கொம்பனிக்கு அனுப்பும் மதிப்பீட்டில் என்னைப் பற்றி எழுதினார்: ‘கருவிகளில் நம்பிக்கை குறைவு.’ விதிப்படி அதை எனக்குக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினார். ஓய்வு பெறப் போகிறவனுக்கு அது ஒன்றும் பெரிய நட்டமில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு நெஞ்சு எரிந்தது. தளம் கழுவியவன் நான், என் பெயரையும் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கறையோடு வீட்டுக்குப் போக எனக்கு மனம் இல்லை.

அதே கப்பலில் சுக்கான் பிடித்தவர் முத்துலிங்கம். உடப்புசல்லாவைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். பேச்சுக் குறைவு. சாப்பாட்டு மேசையில் ஒருநாள் நான் வாத்தியாரிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னபோது சோற்றுக் கையோடு சிரித்தார். “எங்க தோட்டத்துலயும் மேக்கணக்கு கெழக்காலதாண்ணே. நானும் அடி வாங்குனவன்தான்” என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் தோற்ற மாணவர்களாகிவிட்டோம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வளைகுடாவின் தெற்குக் கரையில் சரக்கு ஏற்றிக்கொண்டு, பெரிய கப்பல் பாதையில் சேர்வதற்காக வடக்கே போய்க்கொண்டிருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு நான் காவலை எடுத்தேன். முத்துலிங்கம் என்னோடு நின்றார். வெயில் அடித்தது, ஆனால் காற்றில் மணல் தூசி. இரண்டு மைலுக்கு அப்பால் எல்லாம் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. எங்களுக்கு வலது பக்கம், அதாவது கிழக்கே, ஒரு மொட்டைத் தீவு. அதைச் சுற்றித் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும் பாறைத்திட்டு. இடது பக்கம், மேற்கே, ஒரு மணல்திட்டு. நடுவில் நல்ல ஆழம். தீவை மூன்று மைல் தள்ளி வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது திட்டம்.

ரேடாரில் நான் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன், கப்பல் போகும் திசைக்கு இணையாக, மூன்று மைல் தள்ளி. கப்பல் சரியாகப் போனால் தீவின் புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே நழுவி வரவேண்டும். இதற்குப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர் உண்டு. நான் மனத்துக்குள் நிரை என்பேன். கொழுந்து பறிக்கிறவர்கள் தங்கள் நிரையை விட்டு அடுத்த நிரைக்குள் நுழைந்தால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும் அல்லவா, அப்படித்தான்.

பன்னிரண்டே முக்காலுக்குப் புள்ளி நிரையில் இருந்தது. ஒரு மணிக்கு இரண்டே முக்கால் மைல். ஒன்றேகாலுக்கு இரண்டு மைல். நிரைக்குள் நன்றாக நுழைந்துவிட்டது. திரையில் பார்த்தேன். ஜி.பி.எஸ். நாங்கள் கோட்டுக்குச் சற்று மேற்கே நிற்கிறோம் என்றது. ஓட்டோ பைலட் அதை நம்பி, மேற்கே தள்ளுகிற நீரோட்டத்தைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கப்பலின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே திருப்பிக்கொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள், நோய் இல்லாதவனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஆழமானியைப் பார்த்தேன். கப்பலின் அடிக்குக் கீழே இருபது மீற்றர் தண்ணீர் இருக்க வேண்டிய இடம். கருவி பதின்மூன்று என்றது.

போனை எடுத்தேன். “சார், பிரிட்ஜுக்கு வாங்க. இப்பவே.”

கை கழுவிய ஈரத்தோடு வந்தார். அப்போதும் வரிசை தப்பவில்லை. திசைகாட்டி, சுக்கான், ரேடார், ஆழமானி, கடல், என் முகம்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஜி.பி.எஸ். பொய் சொல்லுதுங்க சார். தீவு ரெண்டு மைலுக்குள்ள வந்திருச்சு. ஓட்டோ பைலட்ட நிப்பாட்டணும்.”

“ரெண்டு ஜி.பி.எஸ். இருக்கு. ரெண்டும் ஒரே எடத்தத்தான் சொல்லுது. ரெண்டுமா பொய் சொல்லும்?”

“ரெண்டும் ஒரே கண்டாக்கு எழுதுன செக்ரோல் சார்!” என்றேன். கண்டாக்கு என்றால் தோட்டத்தில் ஆள் வரவைப் பதியும் உத்தியோகத்தர், செக்ரோல் அவருடைய பதிவேடு. தூத்துக்குடிக்காரருக்கு இது எங்கே புரியும்? “ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கேட்டுத்தான் சொல்லுது. அந்த ஆளே பொய் சொன்னா ரெண்டும் பொய்தான்.”

“நீரோட்டம் தள்ளுது, மிஷின் சரி பண்ணுது. மணல் தூசியில ரேடார் ஒழுங்காக் காட்டாது, செகண்ட் மேட்.”

அண்ணாச்சி போய்விட்டது. எனக்கும் ரத்தம் ஏறியது. கருவிகளில் நம்பிக்கை குறைவு என்று எழுதியவரிடமே, இன்னொரு கருவியைக் காட்டி வாதாட வேண்டிய நிலை. ஆழமானியின் முன்னால் போய் நின்று விரலை வைத்தேன்.

“தூசி தண்ணிக்குள்ள இல்லீங்க சார். இது பதினொண்ணு சொல்லுது. உங்க மிஷின் சொல்ற எடத்துல இருவது இருக்கணும்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினொன்று பத்தாயிற்று. அந்த ஒரு நொடியில் அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வீம்பு பிடிக்கவில்லை மனுஷன். “ஓட்டோ பைலட் நிப்பாட்டு. கையில எடு” என்று முத்துலிங்கத்துக்கு உத்தரவு போட்டார். வேகத்தைக் குறைத்தார். எனக்கு உள்ளே ஒரு துள்ளல். நான் சொன்னது சரியாகிவிட்டது! என் பெரட்டு ஜெயித்துவிட்டது! அந்தத் துள்ளலில்தான் கெட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

கண்ணால் பார்த்துவிடலாம் என்று பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வலது பக்கக் கதவைத் திறந்து வெளியே ஓடினேன். தூசிக்குள், கப்பலின் மூக்குக்குச் சற்று வலப்புறமாக, தண்ணீர் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அமைதியான கடலில் அப்படி உடைந்தால் கீழே பாறை இருக்கிறது என்று அர்த்தம். அரை மைல்கூட இருக்காது. தொண்டை கிழியக் கத்தினேன்.

“சார்! மேக்க தண்ணி ஒடையுது! மேக்க பாறை!”

உள்ளே கப்டன் எனக்கு முதுகைக் காட்டி ஆழமானியின்மேல் குனிந்து நின்றார். திரை அரைமணி நேரமாக, மேற்கே தள்ளப்பட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மேற்கே ஒரு மணல்திட்டு இருப்பதும் உண்மை, அங்கேயும் ஆழம் குறையும். இப்போது நானும் மேற்கு என்கிறேன். கடலோரத்தில் பிறந்தவருக்கு மேக்கு என்றால் மேக்குத்தான். மேற்கே பாறை என்றால் கப்பலைக் கிழக்கே, வலது பக்கம், திருப்ப வேண்டும். திரும்பிப் பார்க்காமலே உத்தரவு போட்டார்.

“ஸ்டார்போட் ட்வெண்ட்டி!”

அந்த உத்தரவு நிறைவேறியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. அடிவயிறு நிறைய டீசலோடு நேரே பாறைத்திட்டின்மேல் ஏறியிருப்போம்.

சுக்கான் பிடிப்பவர் உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு உடனே திருப்ப வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. கடலில் அதுதான் சட்டம். முத்துலிங்கம் “ஸ்டார்போட் ட்வெண்ட்டி சார்” என்று திருப்பிச் சொன்னார். ஆனால் கை அசையவில்லை. நான் எந்தக் கதவு வழியாக ஓடினேன் என்பதை அவர் பார்த்திருந்தார். திறந்திருந்த அந்தக் கதவைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

“அண்ணே, எந்த மேக்கு? மேக்கணக்கு மேக்கா?”

ஐம்பது வருடத்துக்குப் பிறகு வாத்தியாரின் பிரம்பு மறுபடியும் விழுந்தது. என்ன சொல்லித் தொலைத்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

“ஈஸ்ட்! ஈஸ்ட் சார்! ஸ்டார்போட் பக்கம் பாறை!”

கப்டன் ஒரே தாவில் நிமிர்ந்து, சுக்கானை முழுதாக இடது பக்கம் திருப்பச் சொன்னார். “ஹார்ட் போர்ட்!”

“ஹார்ட் போர்ட் சார்!” இந்தத் தடவை முத்துலிங்கத்தின் கை சொல்லுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேசையிலிருந்த காப்பிக் குவளை உருண்டு விழுந்து உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உள்ளே ஓடிவந்து ஆழமானியைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். ஒன்பது. ஏழு. ஆறு. ஆறு. மறுபடியும் ஆறு. சரக்கு ஏற்றிய கப்பல் சட்டென்று திரும்பாது, மதம் பிடித்த யானையைத் திருப்புகிற மாதிரிதான். வலது ஜன்னல் ஓரமாக அந்த வெள்ளைத் தண்ணீர் நகர்ந்து பின்னால் போனது. எட்டு. பதினொன்று. பதினாறு. இருபது.

பிறகு கப்டன் சேவியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“அண்ணாச்சி, இனி ரேடாரப் பாத்து நீங்க சொல்லுங்க. நான் கேக்குதேன்.”

அண்ணாச்சி திரும்பி வந்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஆனால் கொண்டாட நேரமில்லை. ரேடாரில் எங்களுக்குப் பின்னால் நாலு மைலில் இன்னொரு கப்பல் வந்துகொண்டிருந்தது. கார் ஏற்றும் பெரிய கப்பல். அதன் தலையும் எங்களைப் போலவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களிடமும் அதே ஆள் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் கப்டனைப் பார்த்தேன். அவர் ரேடியோவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீங்களே சொல்லுங்க. ஆனா இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க” என்றார். அந்த நேரத்திலும் மனுஷனுக்குக் கிண்டல்.

கூப்பிட்டேன். உங்கள் ஜி.பி.எஸ். தவறு, உங்களுக்குக் கிழக்கே பாறை, உடனே போர்ட் பக்கம் திருப்புங்கள் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து நித்திரை கலையாத ஒரு குரல், எங்களிடம் இரண்டு ஜி.பி.எஸ். இருக்கிறது, இரண்டும் ஒன்றாகவே சொல்கின்றன, நன்றி என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரேடியோவைக் கடித்தே தின்றிருப்பேன். கப்டன் சேவியரின் வாயிலிருந்து சற்று முன்னால் வந்த அதே வசனம்! அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“நண்பரே, இரண்டு பேரையும் விடுங்கள்” என்றேன். “உங்கள் ஆழமானியைப் பாருங்கள். எத்தனை என்று எனக்குச் சொல்லுங்கள்.”

அரை நிமிஷம் போயிற்று. ரேடாரில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துலிங்கம் வாய்க்குள் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் புள்ளியின் வால் வளைந்தது. இடது பக்கம்! போர்ட் பக்கம்! ரேடியோ கரகரத்தது. இப்போது பேசியது வேறு குரல், வயதான குரல், அந்தக் கப்பலின் கப்டனாக இருக்க வேண்டும். “திரும்பிவிட்டோம், சகோதரரே. திரும்பிவிட்டோம். கடவுள் உங்களைக் காக்கட்டும்” என்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டு கப்பல். ஒரு பகல். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அடுத்த துறைமுகத்தில் விசாரணைக்குக் கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். சிங்கப்பூர்ப் பெண்மணி, கறாரான ஆள். பிரிட்ஜில் நடக்கும் பேச்சையெல்லாம் பதிவு செய்யும் பெட்டி ஒன்று எல்லாக் கப்பலிலும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் வருவதற்கு முன்னால் கப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் தப்பா ஆர்டர் குடுத்தேன்னு மட்டும் சொல்லிருதேன். அது ஏன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க கடைசிப் பயணம். உங்க இஷ்டம்.”

பொய் சொல்லமாட்டேன், ஆசை வந்தது. இரண்டு கப்பலைக் காப்பாற்றியவன் என்ற பெயரோடு ஊருக்குப் போகலாம். அந்தப் பெயரில் ஓட்டை இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆனால் கப்டன் தன் தலையில் என் பிழையையும் சேர்த்துச் சுமக்கத் தயாராக நிற்கிறார். முத்துலிங்கமோ சட்டத்தின்படி பார்த்தால் உத்தரவுக்கு உடனே பணியாதவர், விளக்கம் இல்லையென்றால் அவருக்குத்தான் கறை.

அந்த அம்மா பதிவை ஓடவிட்டார். என் குரல் கத்தியது. கப்டனின் உத்தரவு வந்தது. பிறகு முத்துலிங்கத்தின் கேள்வி. அங்கே நிறுத்தினார்.

“உத்தரவு போட்ட பிறகு சுக்கான் பிடித்தவர் என்னவோ சொல்லுகிறார். என்ன அது?”

“நான் சொன்னது எந்த மேற்கு என்று கேட்டார், மேடம்.”

“மேற்கு எத்தனை இருக்கிறது?”

“எங்கள் ஊரில் இரண்டு” என்றேன். பிறகு சூரியன் உதித்ததிலிருந்து அடி வாங்கியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்திய திசை தப்பு, அந்தக் கேள்வி வந்திருக்காவிட்டால் கப்பல் என் வாயாலேயே போயிருக்கும் என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் சிரிக்கவில்லை. நீண்ட நேரம் எழுதினார். அப்போது கப்டன் சேவியர் எழுந்து, அந்த மதிப்பீட்டுத் தாளை மேசையில் வைத்து, ‘கருவிகளில் நம்பிக்கை குறைவு’ என்ற வரியைத் தானே வாசித்தார். “இதை நான் திட்டி எழுதினேன் மேடம். இன்றைக்கு அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பதக்கம் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கொம்பனியின் எல்லாக் கப்பல்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று. கால்மணிக்கு ஒருமுறை ஜி.பி.எஸ். இல்லாமல் இடத்தைக் காண வேண்டும் என்பது முதல் விதி. திசையைத் தாய்மொழியில் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது. சந்தேகம் வந்தால் சுக்கான் பிடிப்பவர் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது மூன்றாவது. எத்தனையோ தேசத்துக் கப்டன்மார் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்றாவது விதி உடப்புசல்லாவையில் பிறந்த ஒரு மனிதருடைய கேள்வி என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

நான் ஓய்வு பெற்ற மாதம் கொழும்பு அலுவலகத்தில் எனக்கும் முத்துலிங்கத்துக்கும் சேர்த்து ஒரு விழா வைத்தார்கள். பெரிய மண்டபம், பூமாலை, கொம்பனியின் பெரிய தலைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். கப்டன் சேவியர் தூத்துக்குடியிலிருந்து தன் செலவில் வந்து முன்வரிசையில் இருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள், சும்மா விடுவேனா, அரைமணி நேரம் பேசினேன். பிறகு முகாமையாளர் முத்துலிங்கத்தைப் பார்த்து, நீங்களும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அவர் எழுந்து, ஒலிவாங்கியை ஒருதரம் பார்த்துவிட்டு, தமிழிலேயே சொன்னார்.

“நான் பெருசா ஒண்ணும் செய்யலீங்க. எனக்கு வெளங்கல. அதான் கேட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டியவன் நான்தான்.